வளைவில் வைத்த பானை

எனக்கு எழுபத்தாறு வயது. ரேஷன் கார்டில் எழுபத்திரண்டு என்று இருக்கிறது. எழுதியவர் என் முகத்தைப் பார்த்து உத்தேசமாகப் போட்டார். நானும் பெருமையாக விட்டுவிட்டேன். வளர்த்தது ஐந்து பேர். பெற்றது நாலு பேர்.

இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தைப் படித்து வருகிறவர்கள் ஐந்து பேரையும் நானே பெற்றதாக நினைத்திருப்பீர்கள். மூத்தவன் ராமனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ‘என் தலைப்பிள்ளை’ என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன். பஸ் சேலம் போகிறதா, செம்மநத்தம் போகிறதா என்று போர்டைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அதற்கு மேல் இல்லை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி திவ்யா போனில் தட்டுகிறாள். ராமனின் மகள். இந்த வாரம் அவளுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

தண்ணீர் கேட்டு வந்தவள்

காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்திருந்த சமயம். கிளியூர்ப் பக்கத்தில் இருக்கும் இந்த வீட்டுக்கு நான் வாழ வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. காலை நேரம். மரங்களுக்குள் வெயில் இன்னும் இறங்கவில்லை. முற்றத்தில் இடுப்பளவுக்குப் பனி நின்றது. ராமனுக்கு நாலு வயது. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தான்.

பலா மரத்தடியில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் கூடை. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

“ஏனுங்க, கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?”

“இருங்க, கொண்டாறன். எங்கிருந்து வர்றீங்க?”

“செம்மநத்தமுங்க. சந்தைக்குப் போறன்.”

சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. உதட்டில் வைத்து, சொம்பின் விளிம்புக்கு மேலே கண்ணை வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் குடித்தாள். பாதியில் நிறுத்தினாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் குடித்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை அத்தனை நேரம் குடித்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காலிச் சொம்பைத் திருப்பிக் கொடுத்து, “நல்ல தண்ணிங்க” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அது ஓடைத் தண்ணீர். சருகு வாசம் வீசும். அதை நல்ல தண்ணீர் என்று சொன்னவர் யாருமில்லை.

அவள் தலை மறைந்ததும் பக்கத்துத் தோட்டத்து மாரியாயி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். “ஏ புள்ள, ஆருக்குத் தண்ணி குடுத்தன்னு தெரியுமா உனக்கு?”

“ஆரோ செம்மநத்தத்துக்காரங்களாம்.”

“நல்லாப் போச்சு போ. அவதான் குப்பாயி. உன்ற ஊட்டுக்காரருக்கு மொத பொண்டாட்டி. ராமனைப் பெத்தவ.”

ராமன் கிழங்குத் தோலை நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

போகலாம், கொண்டுபோக முடியாது

மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னால் கண்ணை விரிப்பார்கள். எங்கள் சனத்தில், நான் பார்த்து வளர்ந்தவரை, புருஷனோடு ஒத்துவரவில்லை என்றால் ஒரு பெண் போய்விடலாம். பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பரியத்தைப் பெண் வீட்டார் திருப்பிக் கொடுப்பார்கள். அதோடு முடிந்தது. அவள் வேறொருவரைக் கட்டிக்கொள்வாள். அவளை யாரும் தரக்குறைவாகப் பேசமாட்டார்கள். சந்தையில் பழைய புருஷன் எதிரே வந்தால், “சௌக்கியமுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

பிள்ளை மட்டும் அவளோடு போகாது. பரியம் கொடுத்த வீட்டில் பிறந்த பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. வாசலைத் தாண்டிவிட்டால் அந்தப் பிள்ளையோடு அவளுக்குப் பேச்சு கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மடியில் வைக்கக் கூடாது. ‘நான்தான் உன்னைப் பெத்தவ’ என்று சொல்லவே கூடாது.

குப்பாயி ஏன் போனாள் என்று என் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன்.

“அவளுக்கு இந்த ஊடு புடிக்கல.”

“ஊடு புடிக்கலையா, உங்களைப் புடிக்கலையா?”

“ரெண்டும் ஒன்னுதான போ” என்று அரிவாளை எடுத்துக்கொண்டு மிளகுக் கொடி பார்க்கப் போய்விட்டார்.

அதே வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. தண்ணீர் என்று வந்து நின்றவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. பகையாளியாக இருந்தாலும் கொடுத்துத்தான் அனுப்பவேண்டும். குப்பாயி எங்கள் முற்றத்தில் நின்று கேட்கக்கூடிய ஒரே பொருள் அதுதான். அவள் யோசித்துத்தான் வந்திருக்கிறாள்.

நாய்க்கு ஆயா

இப்போது என் ஐந்து பிள்ளைகளும் ஆளுக்கொரு விதமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

இரண்டாவது மகன் ஈரோட்டில் இருக்கிறான். வீட்டில் மூன்றே பேர். மருமகள் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். மகளுக்குத் தலை சீவி ரெட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது இவன்தான். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு அவன் வகிடெடுக்கும்போது, என் மகனா இது என்று வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். இவனுடைய அப்பா நாலு பேர் பார்க்கப் பிள்ளையைத் தூக்கவே வெட்கப்படுவார். எஸ்டேட்டில் ஒரு நாள் கணக்கெழுதும் ரைட்டர் வருகிறார் என்று தெரிந்ததும் தோளில் இருந்த பிள்ளையை அவசரமாக என்னிடம் தள்ளிவிட்டார்.

கடைசி மகளும் மருமகனும் பெங்களூரில் இருக்கிறார்கள். பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்களாம். ஒரு நாய் வளர்க்கிறார்கள். நான் போனபோது மருமகன் அதனிடம், “ஆயா வந்திருக்காங்க பாரு, வணக்கம் சொல்லு” என்றார். அதுவும் காலைத் தூக்கியது. நானும் என்ன செய்வது? “நல்லா இரு சாமி” என்றேன்.

இதையெல்லாம் பார்த்து நான் குறைப்படுகிறவள் இல்லை. அவரவர் வீடு, அவரவர் வசதி. ஆனால் பழையது முழுசாகப் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை அது ஜீப் ஏறி எங்கள் வாசலுக்கே வந்தது.

பேசாத மாப்பிள்ளை

திவ்யா நாலு மாதத்துக்கு முன் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பையன் பேர் கவின். அவனுக்கும் இப்போது நாலு வயது. அவள் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை எங்கள் மலைக்காரர்தான், எங்கள் சனம்தான். திருப்பூரில் மில் வேலை. கவினைக் கேட்டு அவர்கள் பக்கத்திலிருந்து ஏழு பேர் வந்தார்கள். முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் திவ்யாவைக் கேட்டார்.

“பொண்ணு என்ன கொறை சொல்லுது? குடிக்கிறாப்பலயா?”

“இல்லீங்க.”

“கைய நீட்டறாப்பலயா?”

“இல்லீங்க.”

“அப்புறம் என்ன சாமி?”

“பேச மாட்டேங்கறாருங்க. மூணு வருசமாச்சு. சோறு போடட்டுமான்னு கேட்டா தட்டை நகத்துவாரு. அவ்வளவுதான் பேச்சு. செவுத்தோட குடும்பம் நடத்தற மாதிரி இருக்குதுங்க.”

எல்லோரும் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்கள். அவர் பலா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏப்பா, நீ என்ன சொல்ற?”

அவர் தலையைச் சொறிந்தார்.

“அட, இப்பவாச்சும் வாயைத் தொறப்பா!”

வேலி ஓரமாக நின்ற மாரியாயி விடுவாளா? எனக்கு மேல் வயது, இருந்தும் வாய் மட்டும் இளைக்கவில்லை. “உடுங்க. அவரு பேசிட்டார்னா இந்தப் பஞ்சாயத்தே வேண்டியதில்லையே” என்றாள். அவர்கள் ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “பொண்ணு போறதுன்னா போவட்டுமுங்க. நாங்க கையப் புடிச்சு இழுக்க வரல. எங்க ஊட்டுப் புள்ளைய எங்க ஊட்டுல உட்டுரோணும். வழக்கத்துல இல்லாததையா கேக்கறோம்?”

கெட்ட பொம்பளை இல்லை அவள். கவினுக்கு ஒரு பொம்மைக் காரும், பை நிறையக் கொய்யாப் பழமும் கொண்டுவந்திருந்தாள். பேரனைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

திவ்யா எழுந்து நின்றாள். “கோர்ட்டுக்குப் போனா புள்ளைய என்கிட்டத்தான் உடுவாங்கன்னு வெவரம் தெரிஞ்சவங்க சொல்றாங்க. நான் அங்க போகலீங்க. இது எங்கப்பன் ஊடு. இந்த ஊட்டுல நானும் என் பையனும் இருக்கலாம்னு எங்கப்பன் வாயால சொல்லட்டும். அது போதும்.”

ராமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் மனைவி காலமாகி ஆறேழு வருடமாகிறது. அதிலிருந்து வீட்டுச் சமையலும் அவன், தோட்டமும் அவன். மகள் என்றால் உயிரை விடுவான். ஆனால் ஊர்ப் பொதுக்காரியம் எதற்கும் முன்னால் நிற்கிறவன். வழக்கத்தை மீறினான் என்று ஒரு பேச்சு இதுவரை அவன்மேல் வந்ததில்லை.

“வழக்கம்னு ஒன்னு இருக்குது” என்று ஆரம்பித்தான். “எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். என்னைப் பெத்தவங்களும் என்னை உட்டுட்டுத்தான் போனாங்க. அதுக்கப்புறம் ஒரு நாள் வந்து எட்டிப் பாத்ததில்ல. நான் என்ன கெட்டா போயிட்டன்? எங்கம்மா வளத்தாங்க. எனக்கு என்ன கொறை? நீயே சொல்லும்மா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திவ்யாவும் பார்த்தாள்.

நான் பேசியிருக்கவேண்டும். வாயும் திறந்தேன். ஆனால் என்ன வந்தது தெரியுமா? “புள்ளைக்குப் பசிக்கும், பால் காச்சறன்” என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். பேசாத மாப்பிள்ளையை அன்றைக்கு எல்லோரும் கேலி செய்தார்கள். என்னை யாரும் கேலி செய்யவில்லை.

எட்டு நாள் கழித்து வருகிறோம், ராமன் ஒரு வார்த்தையாகச் சொல்லிவிடட்டும் என்று போனார்கள். நாளைக்கு மறுபடியும் செவ்வாய்க்கிழமை.

அன்றிலிருந்து அப்பனும் மகளும் பேசிக்கொள்வதில்லை. அவன் சமைத்து வைக்கிறான். அவள் போட்டுச் சாப்பிடுகிறாள். கவின் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

பானை

நாலு வாரத்துக்கு முன் இதே பக்கத்தில் என் தண்ணீர்ப் பானையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டுக்குக் கீழே பாதை திரும்பும் வளைவில், நான் வாழ வந்த புதிதில் வைத்த பானை. மண்பானை உடைய உடைய மாற்றி மாற்றி, இன்றுவரை அந்தக் கல்மேல் ஒரு பானை இருந்துகொண்டே இருக்கிறது. தாகத்தோடு போகிறவர்களுக்காக வைத்தேன் என்று சொன்னேன். படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஒரு அம்மா, என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும் போலிருக்கிறது என்று எழுதியிருந்தார்.

அம்மா, ஒற்றிக்கொள்ள வேண்டாம்.

குப்பாயி இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தாள். “சந்தைக்குப் போறனுங்க, கொஞ்சம் தண்ணி.” அதற்கப்புறம் ஒரு தடவை. அன்றைக்குச் சந்தையே இல்லை. நான் கேட்கவில்லை. அவளும் ராமனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கத்தில் ஒரு இழைகூட அவள் மீறவில்லை. தண்ணீர் குடித்தாள், பார்த்தாள், போனாள்.

நாலாவது தடவை அவள் பலா மரத்தடிக்கு வருவதற்குள் ராமனே உள்ளே ஓடிச் சொம்பை மொண்டுகொண்டு போனான். பாதித் தண்ணீர் அவன் வயிற்றிலேயே சிந்திவிட்டது. அவள் குனிந்து வாங்கினாள். குடித்து முடிக்கும்வரை அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று மத்தியானம் களியை உருட்டி அவன் வாயில் வைக்கப் போனேன். “தண்ணியம்மா மறுக்கா எப்ப வருவாங்க?” என்று கேட்டான்.

அவனாக வைத்த பேர். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து அப்போது ஆறு மாதம்கூட இருக்காது. எனக்கென்று இன்னும் ஒன்றும் பிறக்கவில்லை. அந்த ஒரு சொல்லை அவன் வாயிலிருந்து வாங்க நான் எத்தனை நாள் இடுப்பொடியத் தூக்கிச் சுமந்திருப்பேன்! அவள் ஒரு சொம்புத் தண்ணீரில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த சந்தையில் பானை வாங்கினேன். பெரிய பானை. அதைத் தலையில் சுமந்து வந்து, வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வளைவிலேயே இறக்கினேன். மூன்று கல் வைத்து, மேலே மூடி வைத்து, மொள்ளுவதற்குக் கொட்டாங்குச்சியும் போட்டேன். செம்மநத்தத்துப் பாதை அந்த வளைவுக்கு வந்துதான் பிரியும். தண்ணீர் அங்கேயே இருக்கும்போது மேலே ஏறி வந்து கேட்க முடியுமா? கேட்டால், “கீழே இருக்குதுங்களே” என்று சொல்லிவிடலாம். இல்லை என்று சொன்னதாகவும் ஆகாது.

வளைவில் நின்று பார்த்தால் எங்கள் முற்றம் தெரியாது. காப்பிச் செடியும் பலா மரமும் மறைத்துவிடும். கூரைமேல் புகை தெரியும், அவ்வளவுதான்.

ஊரே என்னை மெச்சியது. என் வீட்டுக்காரர் மட்டும் வளைவு வரை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “எடம் பாத்துத்தான் வச்சிருக்கற” என்றார். அதற்கப்புறம் சாகும்வரை அந்தப் பானையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அதில் ஒரு நாளும் தண்ணீர் குடித்ததும் இல்லை.

குப்பாயி வந்த அன்று நான் செடிகளுக்குள் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். அவள் பானையைப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். ஒரு மடக்குத்தான் குடித்தாள். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே எங்கள் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. எத்தனை நேரம் நின்றாளோ, என் மடியில் அதற்குமேல் ஒரு பழம் விழவில்லை.

மூடியைச் சரியாகப் பொருத்திவிட்டுப் போய்விட்டாள். மாலையில் தண்ணீர் நிரப்பப் போனபோது அந்த மூடிமேல் மந்தாரை இலையில் சுற்றி ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே தினைமாவு உருண்டை, ஒன்று. பாதியை நான் தின்றேன். பாதியை ராமனுக்குக் கொடுத்து, கடையில் வாங்கினது என்றேன்.

அதன்பின் அவள் மேலே வரவே இல்லை. இரண்டு மாதத்துக்கொரு தடவை மூடிமேல் பொட்டலம் மட்டும் இருக்கும். எனக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பொட்டலத்தில் இரண்டு உருண்டை வந்தது. அடுத்தது பிறந்தது, மூன்று. யாரிடம் விசாரித்தாளோ தெரியாது. என் பிள்ளை ஒன்றுகூட ஏங்கிப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். கடைசி மகள் பிறந்த வருடம் இலையைப் பிரித்தேன். ஐந்து இருந்தது.

வளர்த்தது ஐந்து பேர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு முன்னால் எண்ணி வைத்தவள் அவள்.

ஒரே ஒரு கேள்வி

ராமன் தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னைக் கேட்டான். “ஏம்மா, அவங்க ஒருக்காவாச்சும் என்னைப் பாக்க வந்தாங்களா?”

“இல்ல சாமி.”

“செரி” என்றான். குடத்தை எடுத்துக்கொண்டு பானையில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான். அப்போதே அந்த வேலை அவனுடையதாகிவிட்டது. என் புண்ணியம் என்று நினைத்து ஊற்றினான், இன்றும் ஊற்றுகிறான்.

குப்பாயி போய்ச் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். செம்மநத்தத்திலிருந்து சேதி வந்தது. “என்னை ஆருன்னு சொல்லிக்கிட்டு அங்க போய் நிக்கறது?” என்று ராமன் போகவில்லை. அன்றைக்காவது நான் சொல்லியிருக்கலாம்.

வழக்கம் அவளை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. வளைவுக்குக் கீழே இறக்கியது நான். வழக்கம் அவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீரையாவது விட்டுவைத்திருந்தது.

நாளைக்குக் கவினை அனுப்பிவிட்டால் திவ்யா என்ன செய்வாள் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். இப்போதெல்லாம் யாரும் யார் வீட்டிலும் போய்த் தண்ணீர் கேட்பதில்லை. கையோடு பாட்டில் கொண்டு போகிறார்கள். பிள்ளையைப் பார்க்க அவள் என்னவென்று சொல்லிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பாள்?

ராமன் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உனக்கு ஒரு குறையும் நான் வைக்கவில்லை. சோற்றில் வைக்கவில்லை, துணியில் வைக்கவில்லை, பிரியத்தில் வைக்கவில்லை. அதில் எனக்கு இருக்கும் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் உன்னைப் பார்க்க வந்தவளை வரவில்லை என்று சொன்னேன். அது குறை. நான் வைத்த குறை.

ஈரக் கை

திவ்யா தட்டுவதை நிறுத்திவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். “ஆயா, இது அப்பனுக்குத் தெரியுமா?” என்று கேட்கிறாள். தெரியாது கண்ணு. இதையும் தட்டு.

வாரத்துக்கு ஒரு நாள் ராமன் வளைவிலிருந்து பானையைத் தூக்கி வந்து வாசல் குழாயடியில் தேங்காய் நார் போட்டுத் தேய்ப்பான். இன்றைக்கு அந்த நாள். நான் சொல்ல ஆரம்பித்தது முதல் நார் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகத்தான் பேசுவேன். இன்றைக்கு வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

இப்போது நார்ச் சத்தம் இல்லை. குழாய் மட்டும் திறந்தபடி கொட்டிக்கொண்டிருக்கிறது.

வாசற்படியில் வந்து நிற்கிறான். கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

“ஏம்மா, தண்ணியம்மான்னு என்னமோ சொன்னீங்களே? அந்தப் பேரை நான் எங்கியோ... ஆரும்மா அது?”

“உக்காரு சாமி.”

“பானை பாதியில கெடக்குதும்மா.”

“கெடக்கட்டும். அதுக்கு இன்னைக்கு ஒன்னும் அவசரமில்ல. உக்காரு.”

உட்கார்ந்துவிட்டான். கவின் காரை ஓட்டிக்கொண்டு வந்து அவன் முழங்காலில் ஏற்றுகிறான்.

நீ வாசி கண்ணு. எனக்கு எத்தனை வயசுங்கறதுல இருந்து வாசி. உங்கப்பனுக்குக் கேக்கற மாதிரி வாசி.